உலகம் முழுக்க ஒரு மரப்பெட்டியில்: எழுத்துக்கலைப் பேனைத் தொகுதி பற்றி ஒரு பலகை எழுத்துக்காரன்

அவசரமாக இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியில் இருக்கும் பட்டை நிப்புகளுக்கும் மூங்கில் பேனைக்கும் கொடுத்த காசு தகும். தூரிகை பரவாயில்லை. கூர் நிப் எல்லோருக்கும் சரிவராது. கடதாசியைப் பலசரக்குக் கடையில் சாமான் சுற்றக் கொடுத்துவிடலாம். வழிகாட்டிக் கொப்பியைக் கீழே ஆறுதலாகத் திட்டப்போகிறேன்.

நான் திருகோணமலையில் பலகை எழுதிப் பிழைத்தவன். கடைப் பெயர், படகு அணியத்தில் பெயரும் இலக்கமும், பள்ளிக்கூட மதிலில் திருக்குறள் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறேன். பிளெக்ஸ் வந்தபிறகு அந்த வேலை தேய்ந்துபோனது. இப்போது கையில் இருப்பது பெரும்பாலும் சான்றிதழ், பாராட்டு மடல், வாழ்த்துப்பா. அதிபர் ஒருவர் ஓய்வுபெறும்போது கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிற வாழ்த்துப்பாவைக் கணினியில் அடித்துக் கொடுத்தால் எங்கள் ஊரில் இன்னும் மனக்குறைதான். அந்த வேலைக்கு உதவும் என்றுதான் இதை வாங்கினேன். கூரியர் கூலியோடு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியில் ஒழுங்கான கம்பனிப் பெயர் இல்லை. இதே பெட்டியை வெவ்வேறு பெயரில் வெவ்வேறு ஆட்கள் இணையத்தில் விற்கிறார்கள். மூடியில் மட்டும் 'உலக எழுத்துக்கலை' என்று ஆங்கிலத்தில் பொன்னெழுத்து.

திறந்தால்: ஒரு மரப்பிடியும் 1 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை ஐந்து பட்டை நிப்புகளும். முழங்கை மடித்த மாதிரி வளைந்த இன்னொரு பிடியும் இரண்டு கூர் நிப்புகளும். ஒரு மூங்கில் பேனை. சீனத் தூரிகை ஒன்று, மைக்கட்டி ஒன்று, உள்ளங்கை அளவு மைக்கல் ஒன்று. ஒரு சின்னப் போத்தல் கறுப்பு மை, ஒரு கட்டுக் கடதாசி, பிறகு அந்தக் கொப்பி.

பட்டை நிப்பிலிருந்து தொடங்குகிறேன், பெட்டியின் உயிர் அதுதான். உருக்கு நல்ல உருக்கு. ஓரம் கூர்மையாக, ஆனால் கடதாசியைக் கிழிக்காத அளவுக்குத் தீட்டியிருக்கிறார்கள். புதிதாக எடுத்துத் தோய்த்தால் மை ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பயப்படத் தேவையில்லை. துருப்பிடிக்காமல் இருக்க நிப்பில் மெல்லிய எண்ணெய் பூசித்தான் விற்பார்கள். கொஞ்சம் பற்பசை வைத்துத் தேய்த்துக் கழுவினால் சரி. இந்த ஒரு வரியைக் கொப்பியில் போட்டிருந்தால் வாங்கிய பாதிப்பேர் 'நிப் பழுது' என்று நட்சத்திரத்தைக் குறைத்திருக்கமாட்டார்கள்.

கொப்பி சொல்லாத பெரிய விஷயம் சாய்வு. பட்டை நிப்பில் தடிப்பும் மெலிவும் அழுத்துவதால் வருவதில்லை, பிடிக்கும் கோணத்தால் வருகிறது. நிப்பின் ஓரத்தைப் படுக்கைக் கோட்டுக்கு 30 பாகையில் வைத்து எழுதினால், படுக்கையாக இழுக்கிற கோடு நிப்பின் அகலத்தில் சரிபாதி. நிமிர்ந்த கோடு ஏறக்குறைய முழு அகலம். 45 பாகைக்குத் திருப்பினால் இரண்டும் சமம். இதுதான் பட்டைப் பேனையால் எழுதுகிற ஐரோப்பிய எழுத்துகளின் முழுச் சூத்திரமும். கொப்பியில் இத்தாலிக் என்று சாய்ந்த எழுத்து ஒரு பக்கம், கோதிக் என்று கறுத்த எழுத்து ஒரு பக்கம் போட்டு, அம்புக்குறியும் இலக்கமும் கீறியிருக்கிறார்கள். பேனையை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று ஒரு சொல் இல்லை.

அடுத்த குறை கோடு போட்ட தாள். ஐந்து நிப்புக்கும் ஒரே உயரத்தில் கோடு! எழுத்தின் உயரத்தை அடிமட்டத்தால் அளக்கக் கூடாது, அந்த நிப்பாலேயே அளக்க வேண்டும். நிப்பைப் பக்கவாட்டில் வைத்துச் சின்னச் சின்னச் சதுரமாகப் படிக்கட்டுக் கட்டினால், அடிப்படை எழுத்துக்கு நான்கு சதுரம், இத்தாலிக்குக்கும் கோதிக்குக்கும் ஐந்து. 4 மி.மீ. நிப்பில் கனமாக நிற்கிற எழுத்து, அதே உயரத்தில் 1 மி.மீ. நிப்பில் நோஞ்சானாகத் தெரியும். நான் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மகளின் கணக்குக் கொப்பியில் கட்டம் எண்ணிக்கொண்டேன்.

இந்த அளவை முறையை இன்றைக்கு எல்லோரும் எழுதுகிற விதமாக ஒழுங்குபடுத்திக் கற்பித்தவர் எட்வர்ட் ஜோன்ஸ்டன் (1872–1944). அச்சு வந்து நாலு நூற்றாண்டு ஓடி, பட்டைப் பேனை மறந்துபோயிருந்த காலத்தில், லண்டனில் பழைய கையெழுத்துச் சுவடிகளை உற்றுப் பார்த்து, எந்த ஓரத்தால் எந்தக் கோணத்தில் எழுதினார்கள் என்று கண்டுபிடித்தார். 10ஆம் நூற்றாண்டு விவிலியச் சங்கீதச் சுவடி ஒன்றை வைத்து மாணவர்களுக்கு அவர் அமைத்துக் கொடுத்த எழுத்துதான் நான் மேலே சொன்ன அடிப்படை எழுத்து. லண்டன் நிலக்கீழ் ரயிலுக்கு 1916இல் எழுத்து வடித்துக் கொடுத்ததும் அதே மனிதர். தொடங்குகிறவனுக்கு மிக எளிதான அந்த எழுத்துக்குக் கொப்பியில் இடமே இல்லை, நேரே கோதிக்கில் இறக்கிவிடுகிறார்கள்.

கோதிக் பற்றி ஒரு சின்ன முறைப்பாடு. எங்கள் ஊர் ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் பொடியன்கள் பெயரைக் கோதிக் பெரிய எழுத்திலேயே முழுக்க ஒட்டுகிறார்கள். அது யாருக்கும் வாசிபடாது, ஒட்டினவனுக்கும் வாசிபடாது. கோதிக்கில் பெரிய எழுத்து சொல்லின் தலைக்கு மட்டும்தான். மிச்சம் சின்ன எழுத்து. நிமிர்ந்த கோடும் இடைவெளியும் ஒரே அகலத்தில், பனைமட்டை வரிச்சு வேலி மாதிரி வரிசையாக நிற்கவேண்டும். தோல்தாள் விலை கூடின காலத்தில் ஒரு பக்கத்தில் நிறைய அடக்கிய எழுத்து அது. 1450களில் குட்டன்பேர்க் ஈய அச்சு வார்த்தபோது பார்த்து வார்த்ததும் அதைத்தான். பெட்டியின் 3 மி.மீ. நிப் இதற்கு அளவெடுத்த மாதிரி. ஒரு கிறிஸ்தவப் பாடசாலைக்குச் சான்றிதழ்த் தலைப்பு எழுதிக் கொடுத்தேன், நன்றாக வந்தது.

அடுத்து மூங்கில் பேனை. கொப்பியில் 'நாணல்' என்று இருக்கிறது, கையில் எடுத்தால் மூங்கில். அதனால் குறையில்லை, மூங்கிலிலும் எழுதுவார்கள். ஆனால் நுனியை நேர்வெட்டாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். கிண்ணியாவில் மதரசாவில் ஓதிக்கொடுக்கிற மௌலவி ஒருவர் எனக்குப் பழக்கம். அரபு எழுத்தை முறையாகப் பழகியவர். பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பேனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணன், இது நேரா வெட்டிக் கிடக்கு. இதால எழுதினா அலிஃப் நிக்காது, விழுந்திரும்." அலிஃப் என்பது அரபின் முதல் எழுத்து, ஒரு நிமிர்ந்த கோடு.

கூரான கத்தி ஒன்றை எடுத்து, ஒரே அழுத்தில் நுனியைச் சரிவாக வெட்டினார். பிறகு நடுவில் ஒரு கீறல். அதற்குப் பிறகு எழுதியதைப் பார்த்தால் அது வேறு பேனை. உருக்கு நிப்பில் இப்படித் திருத்த முடியாது, மூங்கிலில் முடிகிறது. அதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பெண் கொடுக்கிறேன்.

அரபுப் பக்கத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டார். தலைப்பில் 'அரபு' என்று போட்டுவிட்டு உள்ளே ஒரு வரியை நஸ்தஃலீக்கில் அச்சடித்திருக்கிறார்கள். அது ஈரானில் 14ஆம் நூற்றாண்டில் உருவான எழுத்து, வலமிருந்து தொங்கித் தொங்கி இறங்கும். பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் அதுதான் பழக்கம். எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் சுவர்களில் பார்க்கிறது பெரும்பாலும் துலுத். குர்ஆன் அச்சில் ஓதுகிறது நஸ்க். ஒரு பெட்டியில் இத்தனையையும் ஒரே பெயரில் கட்டிவைத்தால் பழகுகிறவன் எதைப் பிடிப்பான்?

அதைவிடப் பெரிய குறை, புள்ளியைச் சொல்லாதது. அரபு எழுத்தின் அளவுகோல் பேனை நுனியால் ஒருமுறை அழுத்தி வைக்கிற சாய்சதுரப் புள்ளி. அலிஃப் எத்தனை புள்ளி உயரம், நூன் என்ற எழுத்தின் வயிறு எத்தனை புள்ளி அகலம் என்று எல்லாம் அந்தப் புள்ளியால் எண்ணப்படும். நஸ்க்கில் அலிஃபுக்கு ஐந்து, துலுத்தில் ஏழு என்று மௌலவி படித்திருக்கிறார். உஸ்தாதுக்கு உஸ்தாது கொஞ்சம் மாறுமாம். பக்தாத்தில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா பெயரில் இந்த அளவு முறை நிற்கிறது. அரண்மனைச் சூழ்ச்சியில் அந்த மனிதருக்கு வலது கையை வெட்டி, சிறையில் போட்டார்கள். 940இல் அங்கேயே இறந்தார். நிப் அகலத்தால் எழுத்தை அளக்கும் யோசனையை ஜோன்ஸ்டனிடம் படித்துவிட்டு வந்தவனுக்கு, அதே யோசனை ஆயிரம் வருடத்துக்கு முன்பே பக்தாத்தில் இருந்தது என்று கேட்கையில் கொஞ்சம் தலை சுற்றியது.

மௌலவி சொன்ன இன்னொரு வேலையையும் எழுதிவைக்கிறேன், பேனை வாங்குகிற எல்லோருக்கும் பயன்படும். மைப் போத்தலுக்குள் பேனையை நேரே விடாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பட்டு நூலைச் சுருட்டிப் போட்டு, அது ஊறும் அளவுக்கு மை விடுங்கள். நூலில் தொட்டு எழுதினால் பேனை அளவாகத்தான் மை எடுக்கும், சொட்டாது. பழைய கூறைச் சேலையின் ஓரத்தில் நூல் உருவினேன். மனைவி இன்னும் பார்க்கவில்லை.

தூரிகைக்கு வருவோம். நான் பலகை எழுதுகிறவன், தூரிகை என் கைச்சாமான், ஆனால் எங்கள் பிடி வேறு. நாங்கள் பட்டைத் தூரிகையைச் சாய்த்து, மணிக்கட்டைக் கோலில் தாங்கி இழுப்போம். சீனத் தூரிகையைச் செங்குத்தாக, தாளுக்கு மேலே தொங்கவிட்ட மாதிரிப் பிடிக்கவேண்டும். முழங்கையும் மேசையில் படாது. கொப்பியில் ஒழுங்காக இருக்கிற ஒரே பக்கம் இதற்குத்தான். 'என்றென்றும்' என்ற பொருளுள்ள 永 என்ற எழுத்தை ஒவ்வொரு கோடாகப் பிரித்து, எங்கே அழுத்தி எங்கே தூக்குவது என்று காட்டியிருக்கிறார்கள். சீன எழுத்தின் எட்டு அடிப்படைக் கோடுகளும் அந்த ஒரு எழுத்துக்குள் இருப்பதால் அங்கே பழக்குவதும் அதை வைத்துத்தான். சீன எழுத்துக்கலையின் பெரிய மேதை வாங் சீஜி 353இல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையின் முதல் எழுத்தும் அதுவே. அந்த மூலத்தாள் தொலைந்துபோய், பிரதிகளைப் பார்த்துத்தான் உலகம் இன்றுவரை அவரைப் புகழ்கிறது.

தூரிகை முதலில் கொஞ்சம் முடி கொட்டியது. கழுவிக் கூராக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகு நின்றுவிட்டது. மைக்கட்டி கரியும் பசையும் சேர்த்துச் செய்தது. கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அரைக்க நேரம் எடுக்கிறது, ஆனால் போத்தல் மையைவிடக் கறுப்பு ஆழமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணறு உவர். அதில் அரைத்தால் மை திரிகிறது, குழாய்த் தண்ணீரே நல்லது.

கூர் நிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வணிக எழுத்து அதற்குப் பிறந்த வீடு. இங்கே தடிப்பு கோணத்தால் அல்ல, அழுத்தத்தால். கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப் பிளந்து தடிக்கும், மேலே போகும்போது மயிரிழை. எழுத்து நிமிர்விலிருந்து நன்றாகச் சாய்ந்து, அடிக்கோட்டுக்கு 55 பாகையில் நிற்கும். அந்த வளைந்த பிடி அந்தச் சாய்வுக்காகத்தான். இதன் அமெரிக்கத் தம்பி ஸ்பென்சர் எழுத்து. பார்க்கவேண்டுமானால் பக்கத்துக் கடையின் கொக்கா கோலாப் பலகையைப் பாருங்கள், 1886இல் எழுதியது, இன்னும் அதே சாயல். கல்யாண அட்டையில் ஆங்கிலப் பெயர் எழுத இந்த நிப் அழகாக வேலை செய்கிறது. சொரசொரப்பான தாளில் மேலே போகும்போது மாட்டித் தெறிக்கும். என் மகள் இடக்கைக்காரி, அவளுக்கு அந்த வளைந்த பிடி ஒன்றுக்கும் உதவவில்லை.

இப்போது கடதாசி. சீனத்தில் தூரிகைக்கு என்று மை உறிஞ்சுகிற தாள் தனியாகச் செய்கிறார்கள். அன்ஹுயி மாகாணத்துச் சுவான் தாள் அதற்குப் பேர்போனது. உருக்கு நிப்புக்கு நேர்மாறு, மை மேலே நிற்கிற வழவழத்த தாள் வேண்டும். பெட்டிக்காரர் இரண்டுக்கும் நடுவே ஒரு தாளைக் கண்டுபிடித்திருக்கிறார். தூரிகைக்கு உறிஞ்சாது, நிப்புக்கு ஊறும். திருமலையில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வாடைக்காலத்தில் தாள் தானாகவே ஈரம் இழுத்து, எழுதிய கோட்டுக்கு வேர் விட்டுப்போகிறது. கச்சான் வீசுகிற மாதங்களில் எதிர்ப்பக்கம். ஒரு சொல் முடிக்கும் முன் நிப்பிலேயே மை காய்ந்துவிடும், மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து வேர்த்து எழுதவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற பிரிஸ்டல் போர்ட்டின் வழவழப்பான பக்கம் நிப்புக்குப் போதும், எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். நிப்புகளை உப்புக்காற்றில் திறந்து வைத்தால் துருதான். கழுவித் துடைத்து, கொஞ்சம் அரிசி போட்ட பேணியில் மூடிவைக்கிறேன்.

இவ்வளவும் சொன்னேன், எங்கள் எழுத்து எங்கே? பெட்டியில் தமிழ் இல்லை. சிங்களம் இல்லை, தேவநாகரி இல்லை, திபெத்தியன் இல்லை. 'உலகம்' என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறார்கள்! கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது, 1911இல் காலியில் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். புத்தருக்குச் சீனத்தில், தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்குத் தமிழில், அல்லாஹ்வுக்குப் பாரசீகத்தில் காணிக்கை சொல்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து வந்த கல்லுக்குத் தெரிந்தது, சீனாவிலிருந்து வந்த பெட்டிக்குத் தெரியவில்லை.

அதனால் நானே எழுதிப் பார்த்தேன். 'திருக்கோணேஸ்வரம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். சுழியும் கொம்பும் படுக்கைக் கோடும் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே ஒரு சிக்கல். அரபுக்கும் லத்தீனுக்கும் தடிப்பு எங்கே வரவேண்டும் என்பதை அவற்றின் பேனை ஆயிரம் வருடமாக முடிவுசெய்து வைத்திருக்கிறது. நம்முடையது எழுத்தாணி எழுத்து. ஓலையில் கீறி, கரி தேய்த்துத் துடைத்தால் எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. ஓலையின் நார்ப்போக்கில் நேர்கோடு இழுத்தால் கிழியும் என்பதால்தான் வளைவு கூடியது என்று சொல்வார்கள், சிங்களத்துக்கும் அதே கதை. எங்கள் ஊர்க் கோட்டை வாசலில், கோணேசர் கோயில் கதைகளில் வரும் குளக்கோட்டன் என்ற அரசன் பெயர் உள்ள அந்தப் பழைய கல்லைக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், உளிக்கும் ஒரே தடிப்புத்தான். ஆக, பட்டை நிப்பைக் கையில் எடுத்த தமிழனுக்குத் தடிப்பை எங்கே வைப்பது என்று கேட்க ஆள் இல்லை.

30 பாகையில் எழுதினால் 'ட', 'ப', 'ம' எல்லாம் அடிக்கோடு மெலிந்து, எழுத்து காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது. நம் எழுத்துக்கு அடிக்கோடு முக்கியம், எழுத்து உட்கார்வது அதில்தான். 45க்குத் திருப்பினால் அடிக்கோடு கனம் பெறுகிறது, ஆனால் 'ண'வின் சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கறுத்துப்போகின்றன. 40 பாகை, 2 மி.மீ. நிப், உயரம் ஐந்துக்குப் பதில் ஆறு சதுரம். இதில் என் கைக்குச் சரிவந்தது. 'ணே'வுக்குச் சுழியை அகலமாக விட்டு, கொம்பை ஒல்லியாக்கினேன். மௌலவி வெட்டிய மூங்கில் பேனை இன்னும் நன்றாக வருகிறது. அதன் சரிவு வெட்டில் மணிக்கட்டைத் திருகாமலேயே அடிக்கோடு தடிக்கிறது. இப்போது வாழ்த்துப்பாவின் தலைப்பை அதால்தான் எழுதுகிறேன். உள்வரிகளுக்கு 1 மி.மீ. நிப். சீனத் தூரிகையில் தமிழ் எழுதினால் பார்க்க அழகு, ஆனால் பதினாறு வரி விருத்தம் எழுதுகிற பொறுமை எனக்கு இல்லை.

வாங்கலாமா? பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள், சான்றிதழ் எழுதுகிறவர்கள், கை ஓயாத பிள்ளைகள் உள்ள வீடுகள் வாங்கலாம். ஒரு பாணியை மட்டும் பழக நினைக்கிறவர்கள் அந்த ஒரு பேனையையும் நல்ல மையையும் தனியாக வாங்குங்கள், பாதிக் காசு மிஞ்சும். பெட்டியோடு வரும் போத்தல் மை மெலிவு, வெயில் படுகிற சுவரில் சட்டம் மாட்டுவதானால் அதை நம்பவேண்டாம். இடக்கைக்காரர்கள் வாங்கும் முன்பே விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பி நேர்ப்பிடி ஒன்று கேளுங்கள். நான் மகளுக்காகக் கேட்டேன். பிடிக்குக் காசு எடுக்கவில்லை, கூரியர் கூலி மட்டும்தான்.